துப்ப மறந்த சக்கை

எங்கள் ஊசிக்கல்வலசில் வருஷங்களுக்கு எண் கிடையாது. கிணறுகள் வற்றிய வருஷம், மில்லுக்கு இரண்டாவது புகைபோக்கி கட்டிய வருஷம், தேர் அச்சு முறிந்த வருஷம் என்று சொல்லித்தான் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போடுவோம், அந்த வரிசையில் சக்கை செரித்த வருஷம் என்றும் ஒன்று உண்டு, அது பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் பேப்பர் மில்லின் சக்கை மேட்டில் தொடங்கி ஆடிப்பெருக்குக்கு மறுநாள் முடிந்தது. நான் அந்த மில்லில் கூழ் கழுவும் தளத்தில் வேலை பார்த்தவன். அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு, வெட்கமும் கொஞ்சம் உண்டு.

சர்க்கரை ஆலைகள் சாறு முழுவதையும் பிழிந்துகொண்டு மிச்சத்தை எங்களுக்கு அனுப்பும். லாரி லாரியாக வரும் அந்தக் கரும்புச் சக்கையை ஊர்க் கோபுரத்தைவிட உயரமாகக் குவித்து, வெயிலில் தீப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சி, பிறகு டைஜஸ்டர் என்ற பெரிய இரும்புப் பானையில் காஸ்டிக் சோடாவும் நீராவியும் சேர்த்து வேகவைத்து, கூழாக்கி, கழுவி, காகிதமாக்குவோம். மேட்டில் தண்ணீர் பீய்ச்சுவது பாவாத்தாளின் வேலை. மேட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம், ஒரு கிள்ளு சக்கையை வாயில் போட்டு, ஆலைக்குத் தப்பிய இனிப்பை உறிஞ்சிவிட்டுத் துப்புவார்கள். எங்கள் பக்கம் குழந்தைக்குக் கரும்பு தின்னக் கற்றுக்கொடுக்கும்போது கடிக்கச் சொல்லித் தருவதில்லை, அது தானாக வரும், துப்பத்தான் சொல்லித் தருவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாவாத்தாள் துப்ப மறந்தாள்.

மறந்ததற்குக் காரணம் அவள் மகள் பிரபா. பதினேழு வயது, நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள், தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கான சலுகைக்காக அதோடு இணைக்க அப்பா இறந்துபோன விபத்தின் அறிக்கை வேண்டியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் நம்பர் டைஜஸ்டரில் ஆவியின் அழுத்தம் இறங்குவதற்குள் வால்வு திறந்து, பொங்கியண்ணன் கொதிக்கும் கூழில் வெந்து செத்தான். அறிக்கையின் நகலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு பாவாத்தாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, மகள் ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, அப்பா குடிப்பாராம்மா?"

அதில் அப்படித்தான் இருந்தது. மது அருந்திய நிலையில் தன்னிச்சையாக வால்வைத் திறந்ததால் என்று இருந்தது. பாவாத்தாள் சீப்பைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, பொங்கியண்ணன் கோயில் தீர்த்தத்தில் கர்ப்பூர வாசம் தூக்கலாக இருந்தால்கூட முகத்தைச் சுளிப்பவன் என்பதில் தொடங்கி எவ்வளவோ இருந்தது, ஆனால் எதிரே அச்சடித்த காகிதம் இருந்தது. "இல்ல சாமி" என்று மட்டும் சொன்னாள். மகள் சரி என்று தலையாட்டினாள். அது நம்பாத தலையாட்டல் என்று தாய்க்குத் தெரிந்தது. மிச்சத்தையெல்லாம் மென்று முழுங்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள், வாயில் ஒரு கிள்ளு சக்கையைப் போட்டாள், முழுங்கிப் பழகிய தொண்டை அதையும் சேர்த்து முழுங்கிவிட்டது.

மத்தியானம் பசிக்கவில்லை. சாயங்காலமும் பசிக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே இரண்டு கை தின்றாள், அதுவும் செரித்தது, உடம்பில் புதுத் தெம்பு வந்தது, குழாயைத் தூக்குவது பிள்ளையைத் தூக்குவது போல லேசாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கொடுத்தாள், அவர்களுக்கும் செரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் மில்லுக்குச் செரித்தது, திங்கட்கிழமைக்குள் ஊருக்கே செரித்தது.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, எதை எப்படிச் சமைப்பது என்பதிலேயே நேரம் போயிற்று. சக்கையை இடித்துச் சலித்துப் புட்டு அவித்தார்கள், வாழைநாரில் கூட்டு வைத்தார்கள், தென்னம்பாளையில் துவையல் அரைத்தார்கள், கம்பந்தட்டை ஆட்டித் தோசை வார்த்தார்கள். பழைய பருத்தி வேட்டி நல்லெண்ணெயில் வதக்கினால் அருமையாக இருக்கும் என்றும் பாலியஸ்டர் சேலை எத்தனை விசில் வைத்தாலும் வேகாது என்றும் கண்டுபிடித்தார்கள். சுவரொட்டிகளுக்கு ஆடுகளோடு போட்டி வந்தது. கல்யாணப் பத்திரிகையைப் படித்த கையோடு தின்றுவிட்டு, எந்த மண்டபம் என்று தெரியாமல் மூன்று மண்டபம் ஏறி இறங்கினார்கள். பந்தியில்தான் பெரிய குழப்பம் ஆயிற்று, இலையையும் சேர்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவதால், இலையை மடித்துத் திருப்தி சொல்லும் வழக்கம் போய், திருப்தியா இல்லையா என்று சம்பந்தி வீட்டார் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் முறையிட்டார்கள், அது நியாயமாகவே பட்டது, ஊர்க்கூட்டம் போட்டு வைக்கோல் மாட்டுக்கு, சக்கை மனுஷனுக்கு என்று தீர்மானம் எழுதினோம். மாடுகளைப் பார்த்து ஒரு மரியாதையும் வந்தது, ஒரே தொழில் பார்ப்பவர்களுக்குள் வருமே, அந்த மாதிரி.

மில்லின் லேப்பில் ஜெபசீலி என்று ஒரு கெமிஸ்ட் இருந்தாள், நாகர்கோவில் பக்கத்துப் பெண். பாவாத்தாள் அவளிடம் போய் இது என்ன சமாச்சாரம் என்று கேட்டாள்.

"எக்கா, இதுக்குப் பேரு செல்லுலோஸ். அரிசியில உள்ளதும் சீனிதான், இந்தச் சக்கையில உள்ளதும் அதே சீனிதான். ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்கிற விதந்தான் வேற. அரிசியில லேசாக் கையப் பிடிச்சிருக்கும், வயிறு பிரிச்சுப் போட்டிரும். இதுல ஒண்ணு நிமிந்து ஒண்ணு கவுந்து கோத்திருக்கும், விடாது. அந்தப் பூட்டுக்குச் சாவி மனுஷன்கிட்ட கிடையாது."

"மாட்டுக்கு மட்டும் இருக்குதாக்கும்."

"மாட்டுக்கும் இல்ல. மாட்டு வயித்துல குடியிருக்க கண்ணுக்குத் தெரியாத பொடிசுககிட்டதான் இருக்கு. அதுக திறந்து குடுக்கும், மாடு திங்கும்."

"அப்ப நாம இத்தன காலமாத் தின்ன கீரையில, காயில இருந்ததெல்லாம் என்னாச்சு?"

"வயித்தக் கூட்டிப் பெருக்கிட்டு வெளிய போச்சு. நார்ச்சத்துன்னு டாக்டர் சொல்றது அதத்தான். முழுங்குற மாத்திரை உதிராம இருக்கதும் இதாலதான், ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாம நிக்கதுக்கும் இதைப் பொடி பண்ணிப் போடுதாங்க. அவ்வளவு ஏன், மரம் நிக்கதே இதாலதான். மரத்துக்கு எலும்பு கிடையாதுல்லா, இதுதான் அதுக்கு எலும்பு."

பாவாத்தாள் கையிலிருந்த சக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "அப்ப நாங்க திங்கறது நிக்கிற தெம்பு" என்றாள். எங்கள் எல்லோருக்கும் எப்படிச் சாவி கிடைத்தது என்று பார்க்க ஜெபசீலி பதினெட்டு சோதனைக் குழாயில் எங்கள் எச்சிலைப் பிடித்துவைத்துவிட்டு அவளும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

மில் நிர்வாகம் எங்களைவிட வேகமாக இதைச் செரித்துக்கொண்டது. சித்திரை பிறந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள், இனி கேன்டீனில் சோறு கிடையாது, தொழிலாளர்கள் மேட்டிலிருந்து வேண்டிய அளவு சக்கையை எடுத்து உண்ணலாம், இது நிர்வாகத்தின் அன்பளிப்பு என்று போட்டிருந்தது. அன்பளிப்பு என்ற சொல்லில் எங்களுக்குக் கோபம் வரத்தான் செய்தது, ஆனாலும் அதை முழுங்கிக்கொண்டோம். நோட்டீஸையும் எங்கள் தளத்து ஆறுச்சாமி கிழித்துத் தின்றுவிட்டான்.

மாட்டின் சாப்பாட்டைத் தின்கிறவனுக்கு மாட்டின் வேலையும் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்திரை பத்துத் தேதி வாக்கில், மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி சங்கு ஊதியபோது, எல்லோர் தொண்டையிலும் உள்ளேயிருந்து ஓர் உருண்டை மெதுவாக மேலே ஏறி வாய்க்கு வந்தது. அருவருப்பாக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. அதை மெல்லாமல் இருக்க முடியவில்லை, மென்றுகொண்டே வேலை செய்யவும் முடியவில்லை, இருந்த இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. நானூறு பேர் இயந்திரங்களின் பக்கத்தில், படிக்கட்டில், மேட்டின் நிழலில், நான்கு மணி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்து அசைபோட்டோம்.

அசைபோட்டபோதுதான் மற்றது வந்தது. எங்கள் தமிழில் அசைபோடுவது என்றால் இரண்டும் ஒன்றுதானே, மாடு வாயால் செய்வதும் மனுஷன் மனசால் செய்வதும். வாழ்க்கையில் மெல்லாமல் முழுங்கிய வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சக்கையோடு சேர்ந்து மேலே வந்தன, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் திரும்ப உள்ளே தள்ள முடியவில்லை. பத்தொன்பது வருஷமாக மருமகள் சமையலைக் குறை சொன்ன ஒரு மாமியார், "நீ வெக்கிற கொள்ளு ரசம் ஊர்லயே யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டு அழுதாள். யூனியன் செயலாளர் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தையில் முழுங்கிய கோரிக்கைகளை வரிசையாகச் சொன்னார், கேட்க எங்களுக்கே புதுசாக இருந்தது. கேட் வாட்ச்மேன், ஒவ்வொரு தடவை மில் மேலாளர் ஜி.எம்.முக்குச் சலாம் போடும்போதும் மனசுக்குள் சொல்லிவந்த வார்த்தையை அன்று கார்க் கண்ணாடிக்கு நேராகச் சொன்னார், அதை நான் இங்கே எழுதுவதற்கில்லை.

பொங்கியண்ணனும் வந்தான். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே ஒவ்வொரு வாயிலும் வந்தான். "அவன் என் தங்கச்சி கல்யாணத்துல கலர் சோடாகூட வேண்டான்னுட்டான்" என்றான் ஆறுச்சாமி. "அன்னிக்கு ஷிப்டுக்குப் போறப்ப எங்கிட்டத்தான் டீ குடிச்சான், தெளிவாப் பேசுனான்" என்றார் டீக்கடைக்காரர். நானும் சொன்னேன். அவன் குடிக்க மாட்டான் என்பது விசாரணை நடந்தபோதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எங்கள் எல்லோருக்கும் தெரியும். குடித்தான் என்று நம்புவது அன்றைக்கு வசதியாக இருந்தது, வேலைக்கு ஆபத்தில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பாவாத்தாள் மேட்டு நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள், யாரையும் திட்டவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகளிடம், அப்பா குடிக்க மாட்டார் என்று ஊரே சொல்லிவிட்டது என்றாள். பிரபா புத்தகத்தை மூடிவைத்தாள்.

"குடிக்கலைன்னா, பொறகு என்னத்துக்கும்மா தொறந்தாரு?"

அந்தக் கேள்வி முதல் கேள்வியைவிட மோசமாக இருந்தது. குடித்தவன் திறந்தான் என்றால் ஒரு காரணமாவது உண்டு, தெளிவாக இருந்தவன் திறந்தான் என்றால் அவன் முட்டாள். அந்த ஷிப்டில் இரண்டாம் நம்பரில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் பொங்கியண்ணன், இன்னொருவர் குப்பண்ணன். குப்பண்ணன் பாவாத்தாளின் பக்கத்து வீடு, பொங்கியண்ணனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அவன் பாடையை முன்னால் தூக்கியவர். விசாரணையில், தான் டீ குடிக்கப் போயிருந்ததாகவும் ஒன்றும் பார்க்கவில்லை என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுவருஷம் சூப்பர்வைசர் ஆனார்.

ஊரில் ஒரு பிடி சக்கைகூட உள்ளே இறக்காத ஒரே ஆள் குப்பண்ணன்தான் என்பதைப் பாவாத்தாள் அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தாள். எல்லோரும் சக்கைக்கு மாறிய பிறகும் அவர் வீட்டில் மட்டும் குக்கர் விசில் கேட்டது, எடை மேடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தினமும் அவர் மட்டும் டிபன் பாக்ஸில் சோறு சாப்பிட்டார், இரண்டு மணிக்கு மில்லே உட்கார்ந்தபோது அவர் மட்டும் நின்றார்.

மறுநாள் மத்தியானம் பாவாத்தாள் ஒரு தட்டில் சக்கைப் புட்டும் தேங்காய்த் துருவலும் போட்டு எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்ணா."

"நமக்கு அது ஒத்துக்காது அம்மிணி."

"வயித்துக்குங்களா, வாய்க்குங்களா?"

குப்பண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாவாத்தாள் எதிரே உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அவளுக்கு வேண்டியது எளிதாகக் கிடைத்திருக்கும், அவர் சோற்றில் ஒரு கிள்ளு சக்கைப் பொடியைக் கலக்க அவர் மனைவி சிவகாமியே தயாராக இருந்தாள். பாவாத்தாள் வேண்டாம் என்றுவிட்டாள். "களவாண்டு வாங்குற வார்த்த எம்புள்ளைக்கு வேண்டாங்க்கா. அவராத் தின்னோணும்" என்றாள். சித்திரை போய் வைகாசி வந்தது, வைகாசி போய் ஆனி வந்தது, தினமும் ஒரு தட்டு, தினமும் அதே வார்த்தை, சாப்புடுங்ணா, அவரும் தினமும் அதே பதில், வெயிலில் வேப்பம்பழம் உதிர்ந்தது, காற்றடித்துப் புழுதி பறந்தது, தட்டு வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் குப்பண்ணனுக்குக் கோபம் வந்து தட்டைக் காலால் தள்ளிவிட்டார். பாவாத்தாள் சிந்தியதைக் கையால் கூட்டி அள்ளி மேட்டில் போட்டுவிட்டு, வேறு தட்டோடு திரும்பி வந்தாள்.

"எத்தன நாளைக்கு இப்படி வருவ நீ?"

"நீங்க எத்தன நாளைக்குச் சோறு தின்னுவீங்களோ அத்தன நாளைக்குங்."

ஒரு நாள் சிவகாமி அசைபோடும்போது அவள் வாய்க்கு ஒன்று வந்தது. "இந்த மனுசன் ஏழு வருசமா ஒறக்கத்துல மூடுங்ணா, மூடுங்ணான்னு பொலம்பறாரு. ஊட்டுக்கு மூத்த புள்ள இவரு, இவரு யாரைப் போயி அண்ணாங்கறாருன்னு எனக்கு வெளங்கவே மாட்டேங்குது." நாங்கள் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னோம், வாயை மூடு என்று யாரோ பெரிய ஆள் மிரட்டியிருக்க வேண்டும், அதைத்தான் திரும்பச் சொல்கிறார் என்று முடிவுகட்டினோம். பாவாத்தாள் அன்று தட்டில் இன்னொரு கைப்பிடி கூடுதலாக வைத்தாள்.

இதற்குள் ஜி.எம்.முக்குக் கணக்கு உறைத்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் இயந்திரம் நிற்கிறது, அது போனால்கூடப் போகட்டும், அந்த இரண்டு மணி நேரத்தில் நானூறு பேர் யோசிக்கிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் நம்பரில் வால்வு திறந்த அன்று ஷிப்ட் பொறுப்பில் இருந்த இன்ஜினியரும் அவர்தான். அவரும் ரகசியமாக ஒரு வாய் சக்கை தின்று பார்த்தாராம், அவர் வாய்க்கு ஒன்றும் வரவில்லையாம். வாழ்க்கையில் எதையும் முழுங்கியிருந்தால்தானே வருவதற்கு.

ஆனி மாதக் கடைசியில் கேன்டீன் திரும்பத் திறந்தது. சோறு, சாம்பார், பொரியல், அப்பளம். யாரும் போகவில்லை. அடுத்த நாள் முட்டை வைத்தார்கள். மூன்றாம் நாள் சீரகச் சம்பாவில் ஆட்டுக்கறி பிரியாணி போட்டு, வாசனை மேட்டுக்கு வரும்படி மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், என் கால்கள் இரண்டடி அந்தப் பக்கம் போயின. முன்னால் பாவாத்தாள் தட்டோடு எடை மேடைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதைப் பார்த்து நின்றுவிட்டேன். ஜி.எம். தானே வந்து பேசினார்.

"என்னம்மா, மனுஷங்க சாப்பாடு போடறோம், மாட்டுச் சாப்பாடுதான் வேணும்னா எப்படி?"

"அன்பளிப்புன்னு நீங்கதாங்க எழுதி ஒட்டுனீங்க" என்றாள் பாவாத்தாள். "இன்னும் ஒராளு பாக்கி இருக்குது. அவரு தின்னு முடிக்கட்டும், நாங்களும் சோத்துக்கு வாரோம்."

அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். சக்கை மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். இரண்டு மணிக்கு உட்காருகிறவனுக்கு வேலை இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணிக்கு நானூறு பேரும் உட்கார்ந்தோம். நானூறு பேரை அனுப்பிவிட்டு மில்லை யாரை வைத்து ஓட்டுவது என்று தெரியாமல் அறிவிப்பைத் திரும்பப் படித்தார்கள், நாங்கள் திரும்ப உட்கார்ந்தோம். வீட்டுக்கு வீடு மூட்டையில் எடுத்து வைத்திருந்த சக்கையைப் பங்குபோட்டுத் தின்றோம். பாவாத்தாள் மில் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் உட்கார்ந்தாள், தட்டை கேட் கம்பிக்கு அடியில் உள்ளே தள்ளினாள், உள்ளே இருந்த குப்பண்ணனின் காலடியில் வாட்ச்மேன் கொண்டுபோய் வைத்தார். அவர் இப்போது சோறும் சரியாகச் சாப்பிடவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஆடிப்பெருக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் எல்லோரும் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவோம். அந்த வருஷம் புளிச் சக்கை, எலுமிச்சைச் சக்கை, தேங்காய்ச் சக்கை என்று கட்டிக்கொண்டு போனோம். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் படியைத் தொட்டுக்கொண்டு போனது, பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள், பாவாத்தாள் அதற்கெல்லாம் ஒதுங்கி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். சிவகாமி வற்புறுத்தி அழைத்து வந்ததால் குப்பண்ணனும் வந்திருந்தார். உச்சிப்பொழுதில் பாவாத்தாள் தட்டைக் கையில் எடுத்தாள். அவள் எழுவதற்குள் பிரபா அந்தத் தட்டை வாங்கிக்கொண்டாள். நேராகப் போய் அவர் முன்னால் மண்டியிட்டு வைத்தாள்.

"மாமா, எனக்கு அப்பா மொகம் பாதி மறந்துபோச்சு. அவரு கெட்டவராயிருந்தாலும் செரி, முட்டாளாயிருந்தாலும் செரி, தெரிஞ்சுபோட்டா அதோட இருந்துக்குவேன். தெரியாமத்தான் இருக்க முடியல. அவரு என்னத்துக்குத் தொறந்தாரு மாமா?"

குப்பண்ணன் அவளைப் பார்த்தார். அவள் நெற்றி பொங்கியண்ணன் நெற்றி. தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தார், வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு மென்றார், முழுங்கினார். பிறகு இன்னொரு பிடி. தட்டு காலியாகும் வரைக்கும் நிறுத்தவில்லை. ஆற்றங்கரை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் தங்கள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உருண்டை அவர் தொண்டையில் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு வருஷம் இறுகிய உருண்டை, அதனால் அவர் வெகுநேரம் மென்றார், தாடை நரம்பெல்லாம் புடைத்தது. பிறகு அவர் வாயிலிருந்து வந்த குரல் முதலில் அவர் குரலாகவே இல்லை, அவரைவிடச் சின்னவன் ஒருவனின் குரலாக இருந்தது.

"மூடுங்ணா. மூடுங்ணா. ஆவி எறங்கலீங்ணா."

பாவாத்தாள் எழுந்து நின்றாள். அது யார் குரல் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தொறந்தது நானு" என்றார் குப்பண்ணன், இப்போது தன் குரலில். "உற்பத்தி நிக்குதுன்னு போன்ல சத்தம் போட்டாங்க, இன்னிக்கு ஜி.எம்.மா இருக்கறவரு. ஆவி எறங்கலைன்னேன். தொறடான்னாரு. தொறந்தேன். பொங்கியண்ணன் அக்கட்ட நின்னுட்டிருந்தான், மூடுங்ணா மூடுங்ணான்னு கத்துனான், எனக்குக் கை ஓடல. என்னயத் தள்ளிவிட்டுப்போட்டு அவன் போயி வால்வப் புடிச்சான். கூழு மேல ஊத்த ஊத்தப் புடிச்சுச் சுத்துனான். முழுசா மூடுன பொறகுதான் உளுந்தான். அவன் மூடாம இருந்திருந்தா அத்தன கூழும் கீழ்த் தளத்துக்கு எறங்கியிருக்கும். கீழ பதினாலு பேரு இருந்தாங்க."

அந்தப் பதினாலு பேரில் நானும் ஒருவன். கூழ் கழுவிக்கொண்டிருந்தேன், மேலே ஏதோ சத்தம் கேட்டது, கூரையிலிருந்து நான்கு சொட்டு என் தோளில் விழுந்தது, அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. குடித்துவிட்டு வால்வைத் திறந்து என்னைச் சுட்டவன் என்று ஏழு வருஷம் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டு அவனை ஏசியிருக்கிறேன். அன்று ஆற்றங்கரையில் அழுதவர்களில் சத்தம் போட்டு அழுதவன் நான்தான்.

பாவாத்தாள் அழவில்லை. குப்பண்ணன் அவள் காலைத் தொடக் குனிந்தபோது விலகிக்கொண்டாள்.

"ஏழு வருசம் முந்தியே இதச் சொல்லியிருந்தீங்கன்னா, எம்புள்ள அப்பனத் தெரிஞ்சு வளந்திருப்பாங்ணா" என்றாள். பிறகு "எழுதிக் குடுங்" என்றாள்.

மறுநாள் காலை மில் கேட்டுக்கு முன்னால், மில்லிலேயே ஓடிய புதுக் காகிதத்தில், குப்பண்ணன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் நானூறு பேரும் கீழே வரிசையாகப் போட்டோம், அந்தப் பதினாலு பேருக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஜெபசீலி அதைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். மறுவிசாரணை நடந்து, ஜி.எம். போய், திருத்திய அறிக்கை கைக்கு வர மார்கழி ஆயிற்று. அதில் வால்வை மூட முயன்றபோது என்று இருந்ததைப் பாவாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை, முயன்றபோது இல்லை, மூடியபோது என்று திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினாள், அதையும் திருத்திக் கொடுத்தார்கள்.

ஆனால் அன்று காலை கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் நான் கடைசியாகச் சொல்ல வேண்டும். பாவாத்தாள் மடியிலிருந்து பழைய அறிக்கையின் நகலை எடுத்தாள். மது அருந்திய நிலையில் என்று இருந்த அந்த வரியை மட்டும் கிழித்தாள், வாயில் போட்டு மென்றாள். பிரபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பாவாத்தாளின் முகம் மாறியது, எங்களுக்கும் அதே சமயத்தில் தெரிந்தது, எங்கள் வாயில் இருந்த சக்கை வெறும் சக்கையாக இருந்தது, தொண்டை அதை வேண்டாம் என்றது, வயிற்றில் நான்கு மாதமாக இல்லாத பழைய பசி எடுத்தது, சோற்றுப் பசி. சாவியைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவாத்தாள் அந்த வரியை இன்னும் இரண்டு தடவை மென்றாள். இந்தத் தடவை அவள் மறக்கவில்லை. மில் கேட்டைப் பார்த்து நின்று, துப்பினாள்.